அம்மா பார்க்காத ஆட்டங்கள்

திருப்பலி முடிந்து, மண்டபத்தில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்து இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு. அட்டைப்படத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாய் நிற்பவர் அவர்தான் என்றாலும், அந்தக் கோட்டை அவர் இரண்டு தடவைக்கு மேல் போட்டதில்லை. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் தந்தார். "நீங்கள்தான் உள்ளதை உள்ளபடி எழுதுவியள் மச்சாள்" என்றார். உள்ளதை உள்ளபடி எழுதினால் எனக்கும் கொஞ்சம் அடி விழும். பரவாயில்லை, எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது யாழ்ப்பாணம் பாசையூரில். அவர் மூத்தவர், நான் ஐந்து வயது இளையவள், வேறு பிள்ளைகள் இல்லை. அப்பா முதலில் பாரிஸ் வந்து, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, எங்களைக் கூப்பிட்டபோது அண்ணாவுக்குப் பதினொரு வயது. பாரிஸில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஒற்றை அறையில் நாலு பேரும் இருந்தோம். அண்ணா ஆறு மாதத்தில் பிரெஞ்சைப் பிடித்துவிட்டார். விசா கொடுக்கும் பிரெபெக்தூர் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் எம்பி நின்று, அப்பாவின் விசாக் கதையை அதிகாரிக்கு மொழிபெயர்ப்பார். அதிகாரி சொல்வதில் அப்பாவுக்கு நோகக்கூடியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் தமிழில் சொல்லமாட்டார். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அது உண்டு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் கேட்ட கேள்வி, "அண்ணை உண்மையிலை என்ன விளையாட்டு விளையாடினவர்?" என்பதுதான். அவர் விளையாடியது அமெரிக்க உதைபந்தாட்டம். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளில் மூட்டை மாதிரிப் பட்டைகள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனை மறித்து விழுத்துவதும்தான் பெரும்பாலான நேரம். ஆனால் ஒவ்வொரு அணியிலும் காலால் உதைப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். மற்றவர்கள் மணிக்கணக்கில் முட்டி மோதுவார்கள், அவர் கரையில் நிற்பார். கடைசியில் அவரைக் கூப்பிடுவார்கள். தோழர் ஒருவர் பந்தை நிலத்தில் நிறுத்திப் பிடிக்க, அவர் ஓடிவந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவால் அதை அனுப்ப வேண்டும். ஒரு மூச்சு நேரம்தான். போனால் வெற்றி, போகாவிட்டால் முழுப் பழியும் அவர் தலையில். அந்த ஆள்தான் எங்கள் அண்ணா.

இதற்குள் அவர் வந்தது தற்செயல். நாங்கள் பாரிஸ் புறநகரான ஸ்தேனுக்கு வீடு மாறிய பிறகு அவர் பக்கத்து ஊரான சென் தெனியில் ஒரு கழகத்தில் சாதாரண உதைபந்து விளையாடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் உதைத்த பந்து வேலியைத் தாண்டி, பக்கத்து மைதானத்தையும் பாதிக்கு மேல் தாண்டிப் போய் விழுந்தது. அந்தப் பக்கம் பயிற்சி நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க உதைபந்துப் பயிற்சியாளர் பந்தைத் திருப்பிக் கொடுக்காமல், யார் உதைத்தது என்று கேட்டுக்கொண்டு வந்தார். அண்ணா மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போனார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

அவருடைய முதல் ஆட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு டப்பாவில் கட்லெட்டும் கொண்டு வந்திருந்தார். வெகுநேரம் அண்ணாவை உள்ளே விடவில்லை. "ஏன் என்ரை பிள்ளையை வெளியிலை நிப்பாட்டி வச்சிருக்கினம்?" என்று அம்மா எங்களைக் குடைந்துகொண்டிருந்தார். ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அம்மா எழும்பி நின்று கைதட்டினார். அண்ணா ஓடிவந்தார், பந்தைக் கால் தொடும் முன்னரே எதிரணியின் மலை போன்ற ஒருவன் வந்து அவரை இடித்து விழுத்தினான். அண்ணா எழும்பவில்லை.

நாங்கள் என்ன என்று பார்ப்பதற்குள் அம்மா கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிவிட்டார். மத்தியஸ்தர் ஊதல் ஊதுகிறார், எல்லோரும் நிற்கிறார்கள், அம்மா அண்ணாவின் தலையை மடியில் எடுத்து வைத்து அந்தக் கவசத்தைக் கழற்ற முடியாமல் அழுகிறார். அண்ணாவுக்கு மூச்சுத்தான் அடைத்திருந்தது, வேறொன்றும் இல்லை. எழும்பி நின்றதும் இரண்டு அணிகளும் சிரித்தன. தோழர்கள் அன்றைக்கே அவருக்கு "மமோ", பிரெஞ்சில் 'அம்மா', என்று பட்டம் வைத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அண்ணா வாய் திறக்கவில்லை. சென் தெனியில் இறங்கும் நேரம் என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார்: "இவ இனி என்ரை ஆட்டத்துக்கு வரக்கூடாது எண்டு சொல்லு. எனக்கு வெக்கமாயிருக்கு." அம்மாவுக்குப் பிரெஞ்சு விளங்காது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் இருவருக்கும் உண்மை தெரிந்தது. அண்ணாவின் முகம் வெளிறிப்போனது. ரயில் நின்றதும் அவரும் அம்மாவும் முன்னால் இறங்கி நடந்தார்கள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்து அந்தோனியார் சொரூபத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு எனக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அந்தோனியாரே, என்ரை பிள்ளை விளையாடுறதை இனி நான் கண்ணாலை பாக்கமாட்டன். நேரிலையும் பாக்கமாட்டன், படத்திலையும் பாக்கமாட்டன். அவன்ரை கை கால் ஒண்டும் முறியாமல் நீர்தான் பாத்துக்கொள்ள வேணும்."

நேர்த்தி வைப்பவர்கள் மொட்டை போடுவார்கள், கால்நடையாய்ப் போவார்கள், ஆட்டுக்கிடாய் கொடுப்பார்கள். அம்மா தனக்கு எது ஆசையோ அதைக் கொடுத்தார். கோபத்தில் செய்தது இல்லை. எத்தனை வருடத்துக்கு என்று தவணையும் வைக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. நேர்த்தியை வெளியிலை சொன்னால் பலிக்காது" என்றார். எனக்கு அப்போது வயது பதின்மூன்று. ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

அண்ணா வளர்ந்தார். பிரான்ஸில் இரண்டு கழகங்கள், பிறகு ஜெர்மனியில் ஒரு தொழில்முறை அணி. தமிழ்ப் பிள்ளை ஒன்று சம்பளத்துக்கு இந்த விளையாட்டை விளையாடுகிறது என்றால் அந்த நாளில் யாரும் நம்பவில்லை. ஒவ்வொரு பருவமும் தொடங்க முன்னர் எங்கள் பெயர்களோடு அம்மாவின் பெயருக்கும் நுழைவுச்சீட்டும் ரயில் சீட்டும் தபாலில் வரும். அப்பாவும் நானும் போவோம். அண்ணா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். ஒன்றுமில்லாதது போல் எங்கள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார்.

"அம்மாவுக்குச் சுகமில்லையோ?"

"முழங்கால் நோ எண்டவ அண்ணா."

"இன்னும் கோவமோ?"

"சீ, என்ன கோவம்? அவவுக்குக் குளிர் ஒத்துவராது, அவ்வளவுதான்."

பிறகு அமெரிக்காவில் ஓர் அணி அவரை எடுத்தது. குளிரே இல்லாத ஊர். அங்கிருந்து முதல் தடவை தொலைபேசி எடுத்தபோது அவர் கேட்டது, "இஞ்சை மார்கழியிலையும் வெய்யில் எண்டு அம்மாவுக்குச் சொன்னனியோ?" என்பதுதான். சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார். கண்ணைத் துடைப்பதற்கு அவருக்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

அமெரிக்க வாழ்க்கை நாங்கள் நினைத்ததுபோல் சொகுசு இல்லை. உதைப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் பரீட்சை. இரண்டு தடவை தவறவிட்டால் காலையில் ஒரு தொலைபேசி வரும், மத்தியானம் அறையைக் காலி செய்ய வேண்டும். அண்ணாவையும் அப்படி அனுப்பினார்கள், ஒரு மாதத்துக்குள் வேறோர் அணி எடுத்தது. அங்கே ஒரு நாள் ஆட்டத்தின் கடைசி உதை அவரிடம் வந்தது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது, அணி தோற்றது. ஒரு மைதானமே அவரை ஏசியது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு அழைத்தபோது நான்தான் எடுத்தேன்.

"அம்மா பாத்தவவோ?"

"இல்லை அண்ணா."

"அதுவும் நல்லதுதான்" என்றார், வைத்துவிட்டார். அடுத்த அறையில் அம்மா செபமாலையோடு முழங்காலில் இருந்தார். அண்ணாவின் ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் அவர் அப்படித்தான் இருப்பார். நான் திரும்ப அழைத்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அண்ணாவின் கால் முறிந்துவிட்டால் அது என் வாயால் முறிந்ததாகிவிடும் என்று பயந்தேன். இத்தனை படித்தும் பயந்தேன்.

லா சப்பலிலும் அண்ணாவின் பெயர் கொஞ்சம் பேசப்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகை ஒன்று அவர் பந்தை உதைக்கும் படத்தைப் போட்டது. அம்மா வழமையாகப் போகும் மரக்கறிக் கடைக்காரர் பெருமையில் அதை வெட்டி, காசு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். அன்றோடு அம்மா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார். கடைக்காரர் என்னை மறித்து, "என்ன தங்கச்சி, அம்மாவை இந்தப் பக்கம் காணேல்லை? எங்கடை கத்தரிக்காயிலை ஏதும் குறையோ?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? "அம்மா இப்ப கத்தரிக்காய் சாப்பிடுறேல்லை அண்ணை" என்று சமாளித்தேன். அந்தக் கடைக்காரரும் இன்று இங்கே வந்திருப்பார். ஐயா, கத்தரிக்காய் நல்ல கத்தரிக்காய்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

முப்பத்து மூன்று வயதில், தொடை முன்னைப்போல் இழுபடவில்லை என்று அண்ணா விளையாட்டை விட்டார். அதற்கு முன்னரே அப்பா எங்களை விட்டுப் போயிருந்தார். அண்ணா திரும்பி வந்தபோது அவர் உடம்பில் ஓர் எலும்புகூட முறிந்திருக்கவில்லை. அந்த விளையாட்டில் அது எவ்வளவு அபூர்வம் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். "இனியாவது அண்ணாவுக்குச் சொல்லுவமோ?" என்று அம்மாவைக் கேட்டேன். "விளையாட்டை விட்டாலும் உடம்பு அவன்ரைதானே. நேர்த்தி நேர்த்திதான்" என்றார்.

அண்ணாவோ, தன் ஆட்டங்களின் ஒளிநாடாக்கள் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி, ஸ்தேனில் இருக்கும் தன் தோழர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்தத் தோழர் குவாதலூப் தீவைச் சேர்ந்தவர். பிரான்ஸ் கழகத்தில் அண்ணாவுக்குப் பந்தை நிறுத்திப் பிடித்தவர். வீட்டில் இருந்தால் அம்மா கண்ணில் படும், ரயிலில் சொன்ன கதை அம்மாவுக்கு நினைவு வரும் என்று அண்ணா அவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அண்ணா நகரசபை மைதானம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். புல் வெட்டினார், வெள்ளைக் கோடு போட்டார். இன்னொரு புறநகரான ஓல்னேயில் இருந்து அண்ணியைக் கட்டினார். ஒரு மகள் பிறந்தாள். நல்ல தகப்பன், நல்ல கணவர், ஞாயிறு தவறாமல் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும் மகன். இருவரும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். விளையாட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. அம்மா மன்னிக்கவில்லை என்று அண்ணா நினைத்தார். தோற்றதை நினைத்து அண்ணா கவலைப்படுகிறார், கிளறக்கூடாது என்று அம்மா நினைத்தார். இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாளைக்குச் சொல்வோம் என்று பதினேழு வருடம் கடத்தினேன்.

பிறகு அந்த நோய் வந்தது. கணையத்தில் புற்றுநோய், காலம் அதிகம் இல்லை என்று வைத்தியர் சொன்னார். அன்று மாலை அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என்ரை பிழைதான் பிள்ளை. அந்தக் கடையிலை ஒட்டியிருந்த படத்தை நான் பாத்திட்டன். முகத்தைத் திருப்ப முன்னம் கண்ணிலை பட்டிட்டுது. நேர்த்தி குழம்பிப்போச்சு. அதாலைதான் அவனுக்கு இப்பிடி."

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "விசரோ அம்மா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். இத்தனை வருடமும் இந்த மனுசி இதையும் சுமந்துகொண்டு கடை மாறி மரக்கறி வாங்கியிருக்கிறார். அடுத்த நாள் ஆசுபத்திரிக்குப் போய் அண்ணாவின் கட்டில் அருகே இருந்தேன்.

"அண்ணா, அம்மா உங்கடை ஆட்டத்துக்கு ஏன் வரேல்லை எண்டு தெரியுமோ?"

"தெரியும். ரயிலிலை நான் சொன்ன கதை."

"அது இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் எனக்கு நீ சொல்லேல்லை?"

"சொன்னால் பலிக்காது எண்டு அம்மா சொன்னவ."

"நீ அதை நம்பினனியோ?"

"நீங்கள் ஒவ்வொரு முறையும் முழுசா வந்து சேர்ந்தீங்கள். நம்பாமல் என்ன செய்யிறது?"

சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை அவர் ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவே அண்ணா தன் குவாதலூப் தோழரைக் கேட்க, அவர் முன்னரே கணினிக்கு மாற்றி வைத்திருந்த ஆட்டங்களை மறுநாள் பின்னேரம் கொண்டுவந்தார். அம்மாவுக்கு விசயம் விளங்கியதும் சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. நான் அந்தோனியாருக்குச் சொன்னனான்" என்றார் அண்ணாவிடம்.

"அம்மா, ஒரு எலும்பும் முறியேல்லை. அந்தோனியார் தன்ரை வேலையை முடிச்சிட்டார், நீங்களும் உங்கடையை முடிச்சிட்டியள். இது வேறை வருத்தம். இதைப் பற்றி நீங்கள் அவரோடை கதைக்கேல்லையே?" என்றார் அண்ணா.

அம்மா யோசித்தார். தலைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார்.

ஆட்டம் ஓடியது. அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து தேடினார். "எங்கை நீ?" "இன்னும் வரேல்லை அம்மா." "இப்பவும் வரேல்லையோ?" "கரையிலை நிக்கிறன், பொறுங்கோ." நாற்பது நிமிடம் கழிந்தது. கடைசியில் மெல்லிய உருவம் ஒன்று உள்ளே ஓடிவந்தது. பின்னால் மூன்று அடி, பக்கத்தில் இரண்டு அடி எடுத்து வைத்து, சனங்கள் இருக்கும் பக்கம் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது. ஓடிவந்து உதைத்தது. பந்து நடுவால் போனது.

"அங்காலை ஏன் பாத்தனி?" என்று அம்மா கேட்டார்.

"காத்துப் பாக்கிறன் எண்டு எல்லாரும் நினைச்சவை. உங்களைத்தான் பாத்தனான். ஒருவேளை வந்திருப்பியளோ எண்டு."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அம்மா, "இவ்வளவுதானோ? இதுக்கோ நான் இவ்வளவு காலமும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தனான்?" என்றார். அண்ணா சிரித்த சிரிப்பில் தாதி என்ன ஏது என்று ஓடிவந்தார்.

"இன்னொருக்காப் போடு" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அண்ணா எங்களோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள். கடைசி நாட்களில் அண்ணாவால் கண் திறக்க முடியவில்லை. அம்மா கணினியை மடியில் வைத்துக்கொண்டு அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்ப உன்னைக் கூப்பிடுகினம். வாறாய். என்னைப் பாக்கிறாய், நான் இஞ்சைதான் இருக்கிறன் ராசா. அடிச்சிட்டாய். நடுவாலை போட்டுது." அப்படி ஒரு பின்னேரம், அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணா போய்விட்டார். ஐம்பது வயது.

அண்ணா, ஒரு வசனத்தை முப்பது வருடம் வாய்க்குள் வைத்திருந்த தங்கை நான். நீங்கள் நிமிர்ந்து பார்த்த ஒவ்வொரு மைதானத்திலும் அம்மா வந்து இருந்திருக்கக்கூடாதா என்று தினமும் ஏங்குகிறேன். இந்தத் தவிப்பு என்னோடுதான் வரும்.

நோயில் கைவிடாமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கடைசிவரை பக்கத்தில் இருந்த அண்ணிக்கும் மகளுக்கும், செபித்து நல்லடக்கத்தை நடத்திய குருவானவருக்கும், சமைத்துக் கொண்டுவந்த ஸ்தேன் அயலவர்களுக்கும், ஒளிநாடாக்களைக் காத்துவைத்த குவாதலூப் தோழருக்கும், இன்று வேலைக்கு விடுப்பெடுத்து வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

ஓர் உதவியும் கேட்கிறேன். ஜெர்மனியில் அண்ணாவின் ஆட்டங்களுக்குப் போன உறவுகளில் சிலர் கலியாணவீட்டு வீடியோக் கமெராவோடு போனது எங்களுக்குத் தெரியும். படம் ஆடினாலும், பாதியில் நின்றாலும், உங்கள் பிள்ளைகளின் முகம் மறைத்தாலும் பரவாயில்லை, எங்காவது ஒரு மூலையில் அண்ணா நின்றால் தயவுசெய்து தந்துதவுங்கள். எங்களிடம் இருந்தவற்றை அம்மா எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். இன்னும் இருக்கிறதோ என்று கேட்கிறார்.